ஊருக்குச் சொல்லும் கணக்கு

சித்திரை பிறந்து பள்ளிகள் விடுமுறை விட்டதும் நம்மவர் இல்லங்களில் ஒரு பரபரப்புத் தொடங்கிவிடும். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் செம்பூரிலும் கட்டிலுக்கடியில் கிடந்த பெட்டிகள் வெளியே இழுக்கப்பட்டுத் தூசு தட்டப்படும். ஊரில் அம்மன் கோயில் கொடை. இல்லையேல் சுடலைமாடன் கோயில் கொடை. இரண்டும் இல்லையேல் தங்கை மகளுக்குச் சடங்கு. நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் இடம் கிடைத்தவர் பாக்கியவான். இரண்டு இரவுப் பயணம் அது. போகும்போது பெட்டியில் மாகிம் அல்வா இருக்கும். திரும்பும்போது அதே பெட்டியில் திருநெல்வேலி அல்வா இருக்கும். இந்த இரண்டு அல்வாவுக்கும் நடுவில் நடப்பதைப் பற்றியே இம்மாதம் அன்பர்களுடன் சிறிது உரையாட விரும்புகிறோம்.

ஊரில் கால் வைத்ததும் முதலிற் பிறக்கும் கேள்வி, "பம்பாயில் எப்படி, சௌகரியந்தானா?" என்பது. நகரத்தின் பெயர் மும்பையாகிப் பல ஆண்டுகள் ஆயினும் ஊராருக்கு அது இன்றும் பம்பாய்தான். அந்தக் கேள்விக்கு நம்மவர் வாயால் விடை கூறுவதில்லை. கழுத்துச் சங்கிலி கூறும்; கைக்கடிகாரம் கூறும்; பிள்ளைகளின் காலணி கூறும்; கோயில் நன்கொடைப் பட்டியலில் பெயருக்கு நேரே எழுதிய தொகை எல்லாவற்றினும் உரக்கக் கூறும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் அறுவர் படுத்துறங்குவதையும், விடியுமுன் பொதுக் கழிப்பிடத்தின் முன் வரிசையில் நிற்பதையும், தண்ணீர் வரும் இரண்டு மணி நேரத்துக்காக உறக்கத்தை முறித்துக்கொள்வதையும் ஊர் காண்பதில்லை. ஊர் காண்பது ஆண்டில் 10 நாள். அந்த 10 நாளுக்காகவே எஞ்சிய 355 நாளும் வாழ்வது என்று ஆகிவிட்டால், அவ்வாழ்வை வெற்றி என்று சொல்வதா, வேறு ஏதேனும் பெயரிட்டு அழைப்பதா?

நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று உண்டு. பெயர் வேண்டா. தலைவர் தாராவியில் தோற்பை தைப்பவர், கைத்திறன் மிக்கவர். மனைவியார் விடியற்காலையில் இட்டலி அவித்துக் கொடுப்பவர். மூத்த மகள் படிப்பில் சூடிகை. மூன்று ஆண்டுகளுக்கு முன் சித்திரைக் கொடைக்கு இக்குடும்பம் ஊர் சென்றது. வில்லுப்பாட்டுச் செலவு முழுவதையும் தாமே ஏற்பதாக அன்பர் முன்னரே கடிதம் எழுதிவிட்டார். அதற்காக வாங்கிய கடன் 80,000 ரூபாய். வட்டி மாதம் நூற்றுக்கு ஐந்து. அதாவது அசலில் ஒரு காசும் குறையாமல், மாதம் 4,000 ரூபாய் வட்டியாகவே போகும். கொடையன்று இரவு ஒலிபெருக்கியில் அவர் பெயர் மும்முறை ஒலித்தது. மனைவியாரின் புதுச் சங்கிலியைப் பெண்கள் கையில் எடுத்துப் பார்த்தனர். எல்லாம் இனிதே நடந்தது.

மும்பை திரும்பிய சில வாரங்களில் மகளின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தது. நல்ல மதிப்பெண். கல்லூரியில் சேர்க்கப் பணம் இல்லை. அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார் தந்தை. அடுத்த ஆண்டும் வட்டிதான் முன்னே நின்றது. அந்தப் பெண் இரண்டு ஆண்டு வீட்டிலிருந்து துணிகளுக்கு மணி கோத்துக் கொடுத்தாள். சங்கிலியை விற்றுக் கடனை அடைத்திருக்கலாமே என்று அன்பர்கள் கேட்பீர்கள். நாமும் கேட்டோம். "அடுத்த கொடைக்குக் கழுத்தில் அது இல்லையென்றால் என்ன சொல்லுவது?" என்றார் அவர். நம்மிடம் அவர் உதவி வேண்டி வந்தபோது சங்க நிதியில் இருந்த தொகை போதவில்லை. அதையும் ஒளிக்காமல் இங்கே சொல்லிவிடுகிறோம்.

இதற்கிடையே நடந்த மற்றொன்று. நமது பொங்கல் விழாவில் மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி வைத்தோம். தலைப்பு, ‘இந்நகரில் வெற்றி கண்ட தமிழர்’. பேசிய சிறுவர் பதினொருவரில் நால்வர் எடுத்துக்கொண்ட பெயர் ஒன்றே: வரதராஜ முதலியார். மேடையிலிருந்த பெரியோர் சிலர் முகம் சுளித்தனர். நாம் சுளிக்கவில்லை. அச்சிறுவர்கள் நம் வீட்டுத் திண்ணையில் கேட்டதையும் திரையிற் கண்டதையுமே கூறினார்கள். ஆகவே அந்த மனிதரின் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நன்று.

1926-இல் தூத்துக்குடியில் பிறந்தவர் என்பர். இளமையில் இந்நகருக்கு வந்து விக்டோரியா டெர்மினஸ் நிலையத்தில் சுமை தூக்கினார். நம் பெட்டிகள் இன்று இறங்கும் அதே நிலையந்தான். பெயர் மட்டும் சத்திரபதி சிவாஜி மகாராஜ் என்று மாறியிருக்கிறது. 1949-இல் பம்பாய் மாகாணத்தில் மதுவிலக்குச் சட்டம் வந்தது. சட்டம் குடியை ஒழிக்கவில்லை. குடியைச் சந்துக்குள் தள்ளியது. அந்தச் சந்தில் செல்வம் சேர்த்தவர் பலர். அவர்களுள் ஒருவர் இவர். கள்ளச் சாராயத்தில் தொடங்கிக் கடத்தல் வரை சென்று, தாராவி, ஆன்டாப் ஹில், கோலிவாடா, மாட்டுங்கா ஆகிய இடங்களில் அவர் சொல்லே சட்டம் என்னும் நிலை உண்டாயிற்று. மாட்டுங்கா நிலையத்தின் அருகே அவர் அமைத்த பிள்ளையார் பந்தலைக் காண நகரமே திரண்டது.

ஏழைகள் அவரை ஏன் கொண்டாடினர் என்பது புரியாத புதிர் அன்று. குடிசைக்குக் குழாய் இல்லாத காலம். ரேஷன் அட்டை வாங்கித் தர ஆள் இல்லாத காலம். மொழி தெரியாமல் காவல் நிலையத்தில் நின்ற தமிழனுக்காகப் பேச ஒருவர் வேண்டியிருந்தது. 1966-இல் சிவசேனை தோன்றி, தென்னிந்தியர் வேலைகளைப் பறிக்கின்றனர் என்று முழங்கியபோது அந்தத் தேவை இன்னும் மிகுந்தது. திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் அவரிடம் சென்றவர் வெறுங்கையுடன் திரும்பியதில்லை என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதைப் பொய் என்று நாம் சொல்லவில்லை.

ஆயினும் அந்தப் பணம் வந்த வழியையும் கேட்கவேண்டுமன்றோ! தோல் பதனிடும் சாலையிலும் ஆலையிலும் உழைத்த அதே தமிழனின் வாரக்கூலியிலிருந்துதான் அதன் பெரும்பகுதி வந்தது. கணவன் கூலியைச் சாராயக் கடையில் வாங்கிக்கொண்டு, அவன் மகள் திருமணத்துக்கு மனைவி கையில் அதிலொரு சிறு பகுதியைக் கொடுப்பதை வள்ளன்மை என்று நம்மால் ஒப்பமுடியவில்லை. கொடுத்ததை ஊர் கண்டது. எடுத்ததை எவரும் எழுதி வைக்கவில்லை. வேலை கேட்டுச் சென்ற இளைஞன் தன் முகவரி தாராவி என்று சொல்லத் தயங்கிய காலம் ஒன்று இருந்தது. அந்தத் தயக்கத்தின் விலையையும் கணக்கிற் சேர்க்க வேண்டும். 1980-களில் காவல்துறை நெருக்கியபோது அவர் சென்னைக்குப் போய்விட்டார். 1988 ஜனவரியில் அங்கே மறைந்தார். உடல் விமானத்தில் மும்பைக்குக் கொண்டுவரப்பட்டது, பெருங்கூட்டம் கூடியது. அதற்குச் சில மாதங்கள் முன்னர், 1987-இல், அவர் வாழ்வைத் தழுவி மணிரத்னம் எடுத்த ‘நாயகன்’ வெளிவந்துவிட்டது. நமது சிறுவர்கள் நினைவில் நிற்பது கமல்ஹாசனின் முகமேயன்றி அவர் முகம் அன்று.

அந்தப் பதினொருவரில் ஒருவனும் சொல்லாத பெயர் ஒன்று உண்டு: எம். வி. வெங்கடேசுவரன். 1932-இல் மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கியவர். நம்மவர் ‘எஸ்.ஐ.இ.எஸ்.’ என்று எழுத்தெழுத்தாகச் சொல்வது அதனைத்தான். சிறியதொரு தொடக்கப் பள்ளியாக எழுந்தது. 1960-இல் சயானில் கல்லூரி கண்டது. பின்னர் நவி மும்பையின் நெரூலில் பெரிய வளாகமாகப் பரந்தது. போட்டியிற் பேசிய சிறுவருள் ஒருவன் அந்தப் பள்ளி மாணவனே, அவனும் சொல்லவில்லை. குற்றம் அவனுடையது அன்று. அவரைப் பற்றிப் படம் எடுக்க எவருக்கும் தோன்றவில்லை. திண்ணையில் சொல்ல நமக்கும் தோன்றவில்லை.

உண்மை ஒன்றையும் இவ்விடத்தில் கூறவேண்டும். மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் இடையே இருந்தது ரயில் பாதை மட்டும் அன்று. அந்நாளைய மாட்டுங்காத் தமிழர் பெரும்பாலும் அலுவலகத்தில் கணக்கும் தட்டச்சும் செய்தவர். தாராவித் தமிழர் தோல் ஊறும் தொட்டியில் காலை வைத்தவர். ஊரிலிருந்த சாதிச் சுவர் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டு இங்கும் வந்திறங்கியது. தோல் தொழிலாளியின் பிள்ளைக்கு முதலில் கைகொடுத்தது மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியே. அங்கே எழுத்தறிவித்த ஆசிரியர்களின் பெயர்களை நாம் எங்கும் பொறித்து வைக்கவில்லை. சுவரைக் கடந்து கல்லூரிப் படியேறிய முதல் தலைமுறைப் பிள்ளைகள் இன்று நமது சங்கத்தின் தூண்களாக இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் ஆளுக்கு ஓர் ஆசிரியர் பெயரைச் சொல்வார்கள்; சொல்லும்போது குரல் தாழும்.

தாமிரபரணிக் கரையில் தூத்துக்குடிக்கு அருகே உள்ளது ஸ்ரீவைகுண்டம். அங்கே குமரகுருபர சுவாமிகள் கலைக் கல்லூரியில் 35 ஆண்டு நூலகராக இருந்தவர் பாலம் கலியாணசுந்தரம். நம் திருநெல்வேலி மாவட்டத்து மேலக்கருவேலங்குளத்தில் 1940-இல் பிறந்தவர். அவரைப் பற்றி அன்பர்கள் கேள்விப்பட்டிருக்கக் கூடும். 2023-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஆனால் விருதுக்காக அவரை இங்கே அழைக்கவில்லை.

இளமையில் தந்தையை இழந்தவர். பேராசைப்படாதே, வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கொடு, நாள்தோறும் ஒரு நன்மை செய் என்று தாயார் கூறி வளர்த்தாராம். மகன் பத்தில் ஒன்றோடு நிற்கவில்லை. பத்தில் பத்தையும் கொடுத்தார்! 1962-இல் சீனப் போர் மூண்டபோது, மாணவராக இருந்த அவர் தம் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி முதலமைச்சர் காமராசரிடம் போர் நிதிக்குக் கொடுத்தார். வேலையில் அமர்ந்தபின் மாதச் சம்பளத்தை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுத்துவிட்டு, தம் சோற்றுக்காக உணவு விடுதியில் பரிமாறுவது போன்ற வேலைகளைச் செய்தார். கல்லூரி நூலகர் ஒருவர் மாலையில் இலை போட்டுப் பரிமாறும் காட்சியை நினைத்துப் பாருங்கள். நம் ஊரில் அதற்கு என்ன பேர் சூட்டியிருப்பார்கள் என்பது அன்பர்களுக்குத் தெரியும். 1998-இல் ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த தொகையையும் கொடுத்துவிட்டு, கொடுப்போரையும் வேண்டுவோரையும் இணைக்கப் ‘பாலம்’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். அதுவே அவர் பெயரின் முன் ஒட்டிக்கொண்டது.

அவர் இளைஞராயிருந்தபோது தம் குரல் மெல்லியதாய்க் கீச்சென்று ஒலிப்பதை எண்ணி மிகவும் வருந்தினாராம். ‘கல்கண்டு’ ஆசிரியர் தமிழ்வாணனிடம் சென்று முறையிட்டார். நீ எப்படிப் பேசுகிறாய் என்பதைப் பற்றிக் கவலைப்படாதே, பிறர் உன்னைப் பற்றி நன்றாகப் பேசும்படி வாழ்ந்துகாட்டு என்ற பொருளில் தமிழ்வாணன் தேற்றியனுப்பினார் என்று கூறுவர். கவனிக்க வேண்டிய இடம் இது. பிறர் பேசும்படி வாழ்வதைத்தானே வில்லுப்பாட்டுக்குக் கடன் வாங்கிய நம் அன்பரும் விரும்பினார்? ஒரே ஆசை, ஒருவர் கழுத்தில் சங்கிலியை ஏற்றினார், மற்றவர் இறக்கினார்.

அனைவரும் கலியாணசுந்தரம் போல் ஆகவேண்டும் என்று நாம் எழுத வரவில்லை. அவர் மணம் செய்துகொள்ளாதவர். மனைவியும் மூன்று குழந்தைகளும் உள்ளவன் சம்பளத்தை முழுதாகக் கொடுத்துவிட்டால், அடுத்த நாள் அக்குழந்தைகளுக்காகப் பிறரிடம் கையேந்த நேரும். உண்மையில், இத்தகையோரை வானளாவப் புகழ்வோரைக் கண்டால் நமக்குச் சிறிது ஐயம் பிறக்கும். பத்தில் பத்துக் கொடுத்தவரை வணங்கிவிட்டால், பத்தில் ஒன்று கொடுப்பதிலிருந்து தப்பித்துக்கொள்ளலாம் அல்லவா! அவரிடம் நாம் கற்கவேண்டியது வேறு. தமக்கு எவ்வளவு போதும் என்பதை அவர் தாமே முடிவு செய்துகொண்டார். நம்மவரில் பெரும்பாலோர் அந்த முடிவை ஊர்த் தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்திருப்போரிடம் ஒப்படைத்துவிட்டோம்.

அமெரிக்காவில் இதனை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 1938-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினர். அப்பல்கலைக்கழக மாணவர் 268 பேர். பாஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்த சிறுவர் 456 பேர். பின்னாளில் குடியரசுத் தலைவரான கென்னடியும் அம்மாணவருள் ஒருவர். ஏழைச் சிறுவருள் பலர் வேறு நாடுகளிலிருந்து பிழைக்க வந்தோரின் பிள்ளைகள். அவர்களைத் தாராவிப் பிள்ளைகள் என்றே வைத்துக்கொள்ளலாம். பெண்களைச் சேர்க்காமல் தொடங்கியது அந்த ஆய்வின் குறை. எனினும் இத்தனை பேரையும் முதுமை வரை விடாமல் பின்தொடர்ந்து, தொழில், உடல்நலம், இல்வாழ்வு ஆகியவற்றை ஆண்டுக்கணக்காகக் குறித்து வந்தனர். எண்பது வயதில் நலமாக இருப்பவர் யார் என்பதை ஐம்பது வயதில் முன்னறிவித்தது எது? பணமோ புகழோ அன்று; இரத்தத்தின் கொழுப்பளவும் அன்று. தம்மோடு வாழ்வோரிடம் அவர்களுக்கு இருந்த உறவின் நிறைவே என்று கண்டனர்.

தம்மோடு வாழ்வோர் என்பதை நாம் அடிக்கோடிட விரும்புகிறோம். 1,500 கிலோமீட்டருக்கு அப்பால் ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்போர் அல்லர். தோற்பை தைக்கும் நம் அன்பர் வட்டிக்காக இரவு பதினொரு மணி வரை கூடுதல் வேலை செய்தார். வரும்போது பிள்ளைகள் உறங்கியிருப்பர். மூத்த மகள் அந்த இரண்டு ஆண்டில் அவரிடம் பேசிய சொற்களை எண்ணிவிடலாம் என்று தாயார் நம்மிடம் சொன்னார். அவள் சண்டையிடவில்லை, அழவுமில்லை. சோறு எடுத்து வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் அவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பதை அன்றுதான் அறிந்ததாக அவர் கூறினார்.

சென்ற சித்திரையில் அவர் ஊருக்குத் தனியே சென்றார். ஒரே ஒரு பை. கோயிலுக்குத் தலைக்கட்டு வரி மட்டும் கட்டினார். மேற்கொண்டு ஒன்றும் எழுதவில்லை. மூன்றாம் நாள் இரவு தமையனார் வீட்டுத் திண்ணையில் இருவரும் அமர்ந்திருந்தபோது, "அண்ணே, அங்கே நான் கடன்பட்டிருக்கேன். பிள்ளை படிப்பு நின்னுபோச்சு" என்று சொல்லிவிட்டார். தமையனார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, தாம் கட்டிய காங்கிரீட் வீட்டைக் கையால் காட்டி, "இதுவும் கடன்தாம்லே. பம்பாயிலேயிருந்து நீ வரும்போது ஓட்டு வீட்டிலே உட்கார வைக்க வெட்கமா இருந்துச்சு" என்றாராம். அண்ணன் தம்பிக்காகவும் தம்பி அண்ணனுக்காகவும் வட்டி கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

ஊர் சும்மா விட்டதா என்றால், இல்லை. "பம்பாய்க்காரன் நொடிச்சுப் போனான்" என்று தேநீர்க் கடையில் பேசிக்கொண்டது அவர் காதிலேயே விழுந்தது. அது வலித்தது என்று ஒப்புக்கொள்கிறார். இப்போதும் வலிக்கிறது என்கிறார். மும்பை திரும்பிய வாரத்திலேயே மனைவியாரின் சங்கிலி விற்கப்பட்டது. அசலில் பெரும்பகுதி அடைந்தது. ஜூன் மாதத்தில் மகள் சயானில் ஒரு கல்லூரியில் வணிகவியலில் சேர்ந்தாள். தன் வயதுக்கு இரண்டு ஆண்டு இளையவர்களோடு அமர்ந்து படிக்கிறாள். அதில் அவளுக்குச் சிறிது கூச்சம் உண்டு.

இம்மாதம் சந்தாத் தொகை வாங்க அவர்கள் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். மகள் தாயாரின் இட்டலி வியாபாரக் கணக்கை ஒரு நோட்டில் எழுதிவருகிறாள். கல்லூரியில் கற்றபடி கோடு கிழித்துப் பத்தி பிரித்திருந்தாள்: அரிசி, எரிவாயு, சைக்கிள்காரர் கூலி, வட்டி. கடன் பங்குனியோடு தீர்ந்துவிட்டது. ‘வட்டி’ என்ற தலைப்பை அடித்துவிட்டு, அந்தப் பத்தியின் மேல் ‘உளுந்து’ என்று எழுதியிருந்தாள்.